அடித்த வரி

பாயான் லெப்பாஸ், மூன்றாம் மாடி, இரவு ஷிஃப்ட்.
ஏசிக் குளிருக்குக் காதைச் சுற்றித் துப்பட்டா.
திரையின் இடப்பக்கம் கடல் கடந்து வந்த பழைய பக்கம்,
வலப்பக்கம் நான் நிரப்ப வேண்டிய கட்டங்கள்.
வரிக்கு ஏழு சென்.
அடித்துக் கிடக்கும் வரியையும் விடக்கூடாது என்று
மிஸ் ஊய் முதல் நாளே சொல்லிவிட்டார்.

நியூ ஜெர்சி. வட மாநிலம்.
அங்கே அடிமைமுறையை ஒழித்தார்கள்,
தவணைக் கடன் போல,
கொஞ்சம் கொஞ்சமாய்,
கடன்பட்டவனுக்கு நோகாமல்.

ஆயிரத்து எண்ணூற்று நாலு, ஜூலை நாலு.
அந்தத் தேதி கழிந்து பிறக்கும் பிள்ளை சுதந்திரப் பிள்ளை.
ஆனால் ஆணென்றால் இருபத்தைந்து வயதுவரை,
பெண்ணென்றால் இருபத்தொன்றுவரை
அம்மாவை வைத்திருப்பவனுக்கே உழைக்கும்.
அம்மாவுக்கு?
இரண்டு முறை படித்தேன்.
அம்மாவுக்கு ஒன்றுமில்லை.

அந்தப் பிள்ளைகளின் பதிவேடு இது.
எழுதியவனை நான் கிராணி என்கிறேன்,
பெரட்டுப் புத்தகம் வைத்திருப்பவனுக்கு
எங்கள் வீட்டில் வேறு பெயர் கிடையாது.
நல்ல கையெழுத்து.
மை தீரத் தீர எழுத்து வெளிறும், சட்டென்று கறுக்கும்.
பேனாவைத் தொட்டுக்கொள்ள அவன் நிறுத்திய இடமெல்லாம் தெரியும்,
பெரும்பாலும் ஏதோ ஒரு பெயரின் நடுவில்.

வயலெட். சீசர். ஃபிலிஸ். இன்னொரு சீசர்.
விரல் தட்டுகிறது, வாய் கூட்டுகிறது:
இவள் இருபத்தாறில் போகலாம்,
இவன் முப்பத்தொன்றில்.
யாரும் கேட்காத கணக்கு. அதற்குக் கட்டமும் இல்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
சூக்கி. தாய் டைனா. குறுக்கே ஒரே கோடு.
ஓரத்தில் கிராணி: இந்தப் புத்தகத்தில் சேராது.
தேதி, ஜூலை நாலு.

அன்றைக்கு அவர்களின் சுதந்திர தினம்.
பீரங்கி வெடித்திருப்பார்கள்.
சத்தத்தில் டைனாவின் முனகல் யார் காதில் விழுந்திருக்கும்.
நள்ளிரவு தாண்டட்டும், பொறு, பொறு என்று
அவள் வயிற்றைப் பிடித்துச் சொன்னாளா,
அல்லது சட்டம் ஒன்று இருப்பதே தெரியாமல்
பிள்ளையை ஈன்று
தண்ணீர் கேட்டாளா.

நாலு என்று தட்டினேன். ஏழு சென்.

விடியற்காலை அந்த வரி சிவப்பாகத் திரும்பி வந்தது.
ஒரே பக்கத்தை இரண்டு பேர் தட்டுவோம்,
ஒருவரை ஒருவர் அறியாமல்.
ஒத்துப்போனால் போய்விடும்.
பதினேழாம் எண், ஐந்து என்று தட்டியிருக்கிறது.

மிஸ் ஊய் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
"நாலா, ஐந்தா?"
நானூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
தலை திறந்த நாலு. கோடு அதன் கழுத்தில் போகிறது.
கண் மங்கினால் ஐந்தென்று சொல்லலாம்.
பதினேழுக்குக் கண் மங்காது.
முன்னூறு வரியில் அதற்கு இது ஒன்றுதான் பிழை.

ஐந்தென்றால்
இருபத்தொரு வயதில் சூக்கி கதவைத் திறந்துகொண்டு போவாள்,
இந்த எக்செல் தாளில்.
வெளியே அவள் போயிருக்க மாட்டாள்.
அந்தக் கோடும்
கிராணி கை தவறிப் போட்டதாகிவிடும்.

"நாலு" என்றேன்.
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
மிஸ் ஊய் அடுத்த மேசைக்குப் போனார்.

கீழே குறிப்புக் கட்டம் ஒன்று உண்டு.
வாடிக்கையாளருக்குப் போகாது, மறு எண்ணுக்கு மட்டும் போகும்.
மலாயில் எழுதினேன்:
நாலுதான். என் விரலும் ஐந்துக்குத்தான் போனது.

ஏழு மணி. மழை.
வாசலில் ஷிஃப்ட் மாறும் கூட்டத்தில்
ஒவ்வொரு கழுத்திலும் எண்ணைத் தேடினேன்.
ஜாவாக்காரப் பெண்கள், நேப்பாளப் பையன்கள்,
பாஸ்போர்ட்டை ஏஜென்ட் பெட்டியில் வைத்துவிட்டு வந்தவர்கள்,
அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்,
அல்லது நனையாமல் சட்டைக்குள்.

மறுநாள் இரவு பதில் இருந்தது.
ஒரே சொல்.
தாஹு.
தெரியும்.

இருநூற்றுப் பதிமூன்று.
இன்னொரு சீசர்.